குடிமகளின் கையும் கிளினிக்கின் பதிவேடும்

1

“தண்ணி விழுதா?”

ஆனி பிறந்துவிட்டால் வெளியூரில் தென்காசிக்காரியைப் பார்க்கிற எவரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நானும் பல வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குற்றாலம் என்றால் அருவி, சாரல், மூலிகைக் காற்று, எண்ணெய்க் குளியல். சுருக்கமாக, உடம்பு. கம்பெனி காலத்திலேயே வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற்ற வந்த இடம் அது. பிறகு ரசிகமணி டி.கே.சி.யும், அவரைத் தேடி வந்த ராஜாஜியும் கல்கியும் அதை ரசனையின் தலமாக ஆக்கினார்கள். அருவியில் நின்றால் நோய் போகும் என்பது எங்கள் ஊரின் பெருங்கதையாடல்.

இந்தக் கதையாடலுக்குள் உடம்பு இருக்கிறது, சரி. யாருடைய உடம்பு என்று கேட்டால்தான் தொந்தரவு. டி.கே.சி. கம்பனை ரசித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், சில மைல் தள்ளி ஒரு தெருவில் என் ஆச்சி ஒன்பது பிள்ளை பெற்றாள். ஐந்து தங்கியது. அவள் உடம்பைப் பற்றி எந்த இலக்கியக் குறிப்பும் இல்லை. எந்த அரசுப் பதிவேட்டிலாவது அது வந்ததா என்று தேடத் தொடங்கிய இடத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை.

1919க்கும் 1939க்கும் இடையே, இரண்டு யுத்தங்களுக்கு நடுவில், உள்ளூரில் பெண்களுக்கென்று ஒரு பொது மருத்துவ நிலையம் நடத்துவது என்றால் என்ன? யார் நடத்தினார்கள், யார் காசில், யாருடைய கையால், யாருக்காக? தாய்சேய் நல விடுதி என்று நாம் பழகிவிட்ட பெயருக்குள் இந்த நான்கு கேள்விகளும் அடைந்து கிடக்கின்றன. சீர்திருத்தக்காரர்களின் பிரதியும் இவற்றைச் சரியாகக் கேட்கவில்லை. நம் சிறுபத்திரிகைகளின் பிரதியும் கேட்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. அதில் நானும் குற்றவாளி.

2

முதலில் சீர்திருத்தப் பிரதி. 1927ல் கேதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ வெளிவந்தது. இந்தியாவுக்குச் சுயராஜ்யம் தகாது என்று நிறுவுவதற்கு மேயோ கையில் எடுத்த ஆயுதங்களில் ஒன்று பிரசவ அறை. அழுக்குத் துணி, புகை மூடிய இருட்டு, துருப்பிடித்த கத்தி. இவற்றின் நடுவே உட்கார்ந்திருக்கும் கிழட்டு மருத்துவச்சி. நாடே கொதித்தது. காந்தி அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார். தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கம் வேறு நிலை எடுத்தது. கோவை அ. அய்யாமுத்து 1929ல் ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா?’ என்றே ஒரு நூல் எழுதினார். குழந்தை மணம், தேவதாசி முறை, தீண்டாமை எல்லாம் இருக்கும்போது கோபப்பட நமக்கு என்ன யோக்கியதை என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏகாதிபத்தியத்தின் ஆள், தேசியவாதி, சீர்திருத்தக்காரர், டாக்டர் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு புள்ளியில் பெரிதாகச் சண்டை இல்லை. பெண்ணைக் கொல்வது மருத்துவச்சியின் கை. லேடி கர்சன் 1903ல் விக்டோரியா நினைவு நிதியைத் தொடங்கியதே மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கத்தான். 1924 முதல் ஊர் ஊராகக் ‘குழந்தை வாரம்’ கொண்டாடி, கொழுகொழுவென்றிருந்த குழந்தைக்குப் பரிசு கொடுத்தார்கள். 1926ல் சென்னை மாகாணம் நர்ஸுகளுக்கும் மருத்துவத் தாதிகளுக்கும் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு பெற்ற கை, பதிவு பெறாத கை என்று இரண்டு கைகள் உருவாயின.

அழுக்குக் கை கொல்லும். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அது யார் கை? 1847ல் வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டது என்ன? டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த வார்டில்தான் தாய்மார் அதிகம் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் குறைவு. பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பேறு பார்த்தார்கள். இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, சோப்பு உண்டு. அப்படியிருந்தும் 1930களின் நடுப்பகுதிவரை ஆயிரம் பேறுக்கு நான்கு தாய்மார் என்ற அளவிலேயே சாவு நின்றது. 1936ல் லண்டனில் கோல்புரூக் பேறுகாலக் காய்ச்சலுக்குச் சல்பா மருந்தைக் கொடுத்துக் காட்டிய பிறகே அந்த எண் வேகமாக இறங்கியது.

இன்னொரு விஷயம் நம் நாட்டுக்குள்ளேயே தெரிய வந்தது. லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்தார். காரணம் தொற்றோ கிருமியோ இல்லை, சாப்பாட்டில் இல்லாத ஒரு சத்து என்று கண்டார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931ல் இதை வெளியிட்டார். ஃபோலிக் அமிலம் என்று பின்னால் பெயர் பெற்றது அந்தச் சத்துதான். இன்று கர்ப்பிணிக்குக் கொடுக்கிற மாத்திரையின் பூர்வகதை இது. ஆக, ரத்தமே இல்லாத உடம்போடு ஒருத்தி பேறுக்குப் படுத்தாள் என்றால் அவளைப் பாதி கொன்றது கூலி. மீதியைத்தான் கத்தியோ கையோ கொன்றது.

கையைத் திருத்துவதற்கு ஒரு பயிற்சி வகுப்பு போதும். கூலியைத் திருத்த அது போதாது. சீர்திருத்தச் சொல்லாடல் கையைப் பிடித்துக்கொண்டு கூலியை விட்டதன் அரசியல் இதுதான் என்று நினைக்கிறேன்.

3

சரி, கிளினிக்கை நடத்தியது யார்? 1919 சீர்திருத்தத்தில் மருத்துவம், சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் மூன்றும் மக்கள் பிரதிநிதிகளான மந்திரிகள் கைக்கு வந்தன. கஜானா வரவில்லை; அது கவர்னர் பக்கமே நின்றது. பொறுப்பு ஒருவருக்கு, சாவி இன்னொருவருக்கு. 1920 ஸ்தல ஸ்தாபனச் சட்டப்படி ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் ரோடு போட வேண்டும், பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், தர்ம ஆஸ்பத்திரியும் நடத்த வேண்டும். 1934ல் தாலுகா போர்டுகளே கலைக்கப்பட்டன. உள்ளூர்க் கிளினிக் என்பது இந்த வரவு செலவின் வால் நுனியில் தொங்கியது.

முத்துலட்சுமி ரெட்டி 1927ல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி வேண்டும் என்று அங்கே குரல் எழுப்பினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930ல் பதவியை விட்டார். 1939ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியபோது அதில் தாய்சேய் நலம் தனி அத்தியாயமாக இடம் பெற்றது. இவையெல்லாம் சாதனைகள்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யுத்தம் முடிந்து 1946ல் போர் கமிட்டி கணக்குப் பார்த்தபோது நாடு முழுவதுக்கும் இருந்த பயிற்சி பெற்ற மருத்துவத் தாதிகள் சுமார் 5,000. ஹெல்த் விசிட்டர்கள் 750. வருஷத்துக்கு இரண்டு லட்சம் பெண்கள் பேற்றோடு தொடர்பாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துக்கு இருபது. ஒன்பது பேறு கண்டவளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தேன்: ஆறில் ஒருத்தி பிழைக்கமாட்டாள். என் ஆச்சி மீதி ஐந்தில் ஒருத்தி.

அந்த 5,000 பேரில் ஒருத்தி எங்கள் தெருவுக்கு வந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும்? இங்கேதான் ஜாதி வருகிறது. எங்கள் பக்கத்தில் நாவிதரைக் குடிமகன் என்பார்கள். அவர் வீட்டுப் பெண் குடிமகள், பேறு பார்ப்பவள். அறுவடைக்கு நெல், பேறு பார்த்தால் ஒரு பழைய சேலையும் எண்ணெயும். ஆச்சி சொல்வாள்:

“அவளுக்கு எங்கம்மா வயசு இருக்கும் ஏட்டி. நான் பதினெட்டு வயசுப் பிள்ள. ‘இங்க வாட்டி’ன்னுதான் கூப்பிடுவேன். அவ என்னய ‘தாயி’ம்பா. பிள்ளய எடுத்துக் குடுத்துட்டு, நச்சுக்கொடியப் பொதச்சிட்டு, பொறவாசல் வழியாத்தான் போவா. பிள்ள விழுந்த நேரத்துல அவ கையப் புடிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன். பத்து நாள் கழிஞ்சி தீட்டுக் கழிச்ச பெறகு அந்தக் கையத் தொடமாட்டேன்.”

இதைச் சொல்லும்போது ஆச்சி வெட்கப்பட்டாளா? தெரியவில்லை. கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள்.

இந்தக் குடிமகள் தலித் தெருவுக்குப் போகமாட்டாள். அங்கே அந்தத் தெருக் கிழவிகளே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக அழுக்கு, தீட்டு, நிபுணத்துவம் மூன்றையும் ஜாதி ஒரே பெண்ணின் கையில் திணித்து வைத்திருந்தது. சீர்திருத்தக்காரர்கள் அந்தக் கையிலிருந்து நிபுணத்துவத்தை மட்டும் எடுத்துப் பதிவேட்டில் சேர்த்தார்கள். தீட்டும் அழுக்கும் அவளிடமே தங்கிவிட்டன. நாட்டு வைத்தியத்தை ஆராய 1921ல் உஸ்மான் கமிட்டி அமைந்தது. 1925ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி நடக்கத் தொடங்கியது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்கும் ஏடு இருந்தது, எனவே இடமும் கிடைத்தது. கையே ஏடாக இருந்தவளுக்கு அங்கே பாடப்பிரிவு இல்லை. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்ல ஒரு குறத்திக்கு இலக்கியம் இடம் கொடுத்தது. வசந்தவல்லிகளுக்குப் பேறு பார்த்த கைக்கு அதுவும் இல்லை.

சுதந்திர நாட்டில் ‘குடிமகள்’ என்ற சொல்லுக்கு உரிமையுள்ள பிரஜை என்று அர்த்தம் வந்துவிட்டது. பழைய குடிமகள் அந்தப் புதிய குடிமகளாக ஆனாளா என்பதுதான் கேள்வி.

4

இனி நம் பிரதி. தொண்ணூறுகளில் நாம் ஃபூக்கோவைப் படித்தோம். 1963ல் வந்த கிளினிக் பற்றிய அவர் நூலையும், உயிர்-அதிகாரம் பற்றிய கருத்தையும் தமிழுக்கு இறக்கினோம். நவீன மருத்துவம் என்பது கண்காணிப்பு; தாய்சேய் நல நிலையம் என்பது பெண்ணுடலைத் தேசத்துக்காகப் பழக்குகிற எந்திரம்; மருத்துவச்சி என்பவள் அழித்தொழிக்கப்பட்ட மாற்று அறிவு. நானும் இப்படி மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

பேசி முடித்து இறங்கியபோது ஒரு வயதான அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மாமியார் பேறு பார்த்தவராம். “நல்லாப் பேசுனீங்கம்மா. ஆனா எங்கத்த அந்த வேலைய விட்டது யாரும் அழிச்சதால இல்ல. எம் மாமா பட்டாளத்துல சேந்து சம்பளம் அனுப்புனாரு. இனி எவ வீட்டுப் பொறவாசலுக்கும் போகாண்டாம்னு அவுகளே விட்டுட்டாக” என்றார்.

என் வாதத்தின் அடிக்கல் அங்கே பெயர்ந்தது. மாற்று அறிவு என்று நான் கொண்டாடியதை அவர்கள் விடுதலை வேண்டிய குடிஊழியமாக அனுபவித்திருக்கிறார்கள். மறுக்க முடியாத வேலையை ‘மரபு அறிவு’ என்று புகழ்வது சுலபம். புகழ்கிறவர் அதைச் செய்யப் போவதில்லை. சீர்திருத்தக்காரர் அவளை அழுக்கு என்றார், நாம் அவளை அறிவு என்றோம். அவளுக்குச் சம்பளம் எவ்வளவு என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஃபூக்கோவிடம் குறை காண்பதல்ல என் நோக்கம். அவர் எழுதியது பாரீஸ் ஆஸ்பத்திரிகளைப் பற்றி. அங்கே கட்டிலும் நோயாளியும் டாக்டரும் இருந்தார்கள். 750 ஹெல்த் விசிட்டர்களை வைத்துக்கொண்டு ஒரு துணைக்கண்டத்துப் பெண்களை எப்படிக் கண்காணிப்பது? இங்கே அதிகாரம் பெரும்பாலும் பார்க்காமல் இருப்பதன் மூலமே இயங்கியது. நம் பெண்களின் மீது செலுத்தப்பட்ட வன்முறையில் கண்காணிப்பைவிடக் கண்டுகொள்ளாமைக்குப் பங்கு அதிகம். இதைச் சொல்ல நம்மிடம் ஒரு கோட்பாடு இல்லை என்பதற்காகச் சொல்லாமல் விட்டுவிட முடியாது.

இதற்கு எங்கள் ஊரை ஒட்டியே ஓர் உதாரணம் உண்டு. தென்காசியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரின் பக்கம். தென்காசி சென்னை மாகாணம். அதே தமிழ், அதே சாரல், சம்பந்தம் செய்துகொள்கிற அதே குடும்பங்கள். அரசு மட்டும் வேறு. அந்த அரசில் மேரி புன்னன் லூகோஸ் என்ற பெண் 1916 முதல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரியை நடத்தினார். உள்ளூர் மருத்துவச்சிகளின் மகள்களையே பிரசவப் பயிற்சிக்குச் சேர்த்தார். 1938ல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலானார். மருத்துவச்சியை விரட்டுவதா வணங்குவதா என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருந்தது: அவள் மகளைச் சம்பளத்துக்கு எடுப்பது. திருவிதாங்கூரைச் சொர்க்கமாக்க வேண்டாம். அங்கேயும் ஜாதி கொடூரமானதுதான். ஆனால் நிர்வாகம் என்ற சலிப்பூட்டும் வேலைக்குள் அரசியல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

5

கடைசிக் கேள்வி: கிளினிக் யாருக்காக?

1928ல் சென்னையில் நியோ-மால்தூசியன் சங்கம் தோன்றியது. நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற பிரமுகர்கள் நடத்தியது. ஜனத்தொகை, வறுமை, தேசத்தின் தரம் ஆகியவையே அவர்கள் கவலை. 1930ல் மைசூர் சமஸ்தானம் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே கர்ப்பத்தடைக் கிளினிக் திறந்தது. அதே வருஷம் ‘குடி அரசு’வில் பெரியார் எழுதியதுதான் இன்றும் சுடுகிறது. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் செல்வத்துக்காகவும் தேசப் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள். தாங்கள் கேட்பது பெண் விடுதலைக்காக என்று அவர் பிரித்துக் காட்டினார். 1935 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு மார்கரெட் சாங்கர் வந்தார். கத்தோலிக்கப் பிரதிநிதிகள் எதிர்த்தும் கர்ப்பத்தடைக்கு ஆதரவான தீர்மானம் நிறைவேறியது. எங்கள் ஊர் வழியே கணவாய் ஏறிப் போகிற ரயில் பாதையின் மறுமுனைக்கு அப்பால் இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

அந்த ரயிலின் சத்தத்தை ஆச்சி தினமும் கேட்டாள். ஆறாவது பேற்றுக்குப் பிறகு அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. குனிந்து தண்ணீர் எடுக்க முடியாது, இருமினால் அவமானம். மாமியாருக்குத் தெரியாமல் ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊர் பேர் வேண்டாம். அங்கே இருந்த அம்மா நோட்டைத் திறந்து, “எத்தன மாசம்?” என்று கேட்டிருக்கிறார். “மாசம் இல்லம்மா.” “பெறகு எதுக்கு வந்தே?”

ஆச்சி திரும்பி வந்தாள். இன்னும் மூன்று பெற்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு கந்தல் துணியை மடித்துக் கட்டிக்கொண்டே வாழ்ந்து செத்தாள்.

அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர் நோட்டில் அப்படியொரு கட்டம் இல்லை. தாய் என்ற கட்டம் உண்டு, சேய் என்ற கட்டம் உண்டு. பெண் என்ற கட்டம் கிடையாது. பெரியார் 1930ல் பிரித்துக் காட்டிய வித்தியாசம் இந்த நோட்டுக்குள் இறங்கவே இல்லை. அவர் எழுத்தை மேடையில் முழங்கியவர்களும் நோட்டின் கட்டங்களை மாற்றப் போராடவில்லை.

6

இப்போது தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பேறும் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. தாய்மார் சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம். இதற்காக உழைத்த கிராம சுகாதார செவிலியர்களை வணங்குகிறேன். ஆனாலும் நோட்டைத் திறந்து பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேறு உதவி 2018 முதல் 18,000 ரூபாய். முதல் இரண்டு பேறுக்குத்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மணமான பெண்களில் 58 சதவீதத்துக்கு நெருக்கமானவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பெற வைத்த கிளினிக் இப்போது பெறாமலிருக்க வைக்கிறது. இரண்டிலும் அவள் கர்ப்பப்பையாகத்தான் உள்ளே வருகிறாள்.

2019ல் தென்காசி தனி மாவட்டமானது. இங்கே வாசல் தோறும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை குனிந்த முதுகு, புகையிலைத் தூசி. “குறுக்கு செத்துப்போச்சு” என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் பொது வாக்கியம். பிள்ளை பெறும் வயது தாண்டிய ஒரு பீடிக்காரி எந்த வாசலுக்குப் போய் எந்த நோட்டில் தன் குறுக்கை எழுதச் சொல்வாள்?

ஆகவே தோழர்களே, பெண்கள் மருத்துவ நிலையம் எதைப் பற்றி வரலாறு எழுதினாலும், போராட்டம் நடத்தினாலும், இரண்டு கேள்விகளை முதலில் வையுங்கள். தொடுகிற கைக்குச் சம்பளமும் முன்வாசலும் உண்டா? வயிற்றில் பிள்ளை இல்லாத பெண் தன் உடம்புக்காக மட்டும் உள்ளே வரலாமா? இவற்றுக்குப் பதில் சொல்லாத சீர்திருத்தமும் கோட்பாடும் ஆச்சியை வண்டியில் திருப்பி அனுப்பியவைதான்.

இந்த ஆனியிலும் யாராவது கேட்பார்கள், தண்ணி விழுதா என்று. விழுகிறது. பெண்கள் பகுதியில் கூட்டம் நெரிகிறது. முதுகைக் காட்டிக்கொண்டு, அருவி குறுக்கில் அடிக்கட்டும் என்று ரொம்ப நேரம் நிற்கிற வயதான பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்த ஒரே இலவச வைத்தியம் அது. பத்து நிமிஷம் ஆனதும் பின்னால் நிற்கிறவர்கள், “போதும், வாங்கம்மா” என்று சத்தம் போடுகிறார்கள்.